சென்னைக்கு அருகில் ப்ளூபெர்ரி பறிக்க இடம் உண்டா? பிள்ளைகளோடு பழம் பறிக்கப் போவது பற்றி ஒரு விரிவான பதில்

கொருக்குப்பேட்டையிலிருந்து கேட்டிருக்கும் சகோதரிக்கு வணக்கம். உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் எழுதிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் இருக்கும் உங்கள் தம்பி குடும்பத்தார் ஒரு பண்ணைக்குப் போய் வாளி நிறைய ப்ளூபெர்ரி பறித்த காணொளியைப் பார்த்த நாள் முதல், உங்கள் ஒன்பது வயது மகனும் ஆறு வயது மகளும் தங்களையும் அப்படி ஓர் இடத்துக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பும் தொலைவில் அத்தகைய பண்ணை உண்டா, இல்லையென்றால் இணையத்தில் விற்கும் கன்றை வாங்கி மாடித் தொட்டியில் வளர்த்துப் பறிக்கலாமா, அடுத்த ஆண்டு ஜூலையில் தம்பி வீட்டுக்குப் போகும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைகள் தாமே கைநீட்டி, பழுத்தது எது என்று பார்த்துப் பறித்து, அந்த இடத்திலேயே தின்னும்படியான ஒரு பகலை வட சென்னையில் இருந்துகொண்டு எப்படி அமைத்துக் கொடுப்பது என்பதே அது. நான் தோட்டக்கலை படித்து, திருவள்ளூர் மாவட்டத்துப் பழத்தோட்டக்காரர்களோடு நெடுங்காலம் வேலை பார்த்தவன், குடியிருப்பது தண்டையார்பேட்டையில். அந்தப் படிப்பையும் பழக்கத்தையும் வைத்துச் சொல்கிறேன்.

ஐயத்துக்கு இடமில்லாததை முதலில் சொல்லிவிடலாம். சென்னையைச் சுற்றி ஒரு நாளில் போய்த் திரும்பும் தொலைவில் ப்ளூபெர்ரி விளையும் பண்ணை இருப்பதற்கு வாய்ப்பில்லை. கடைகளில் சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் கிடைப்பது பெரும்பாலும் பெரு, சிலி போன்ற நாடுகளிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் வந்த பழம். இங்கே விளையாததற்குக் காரணம் உழவர்களின் ஆர்வக்குறைவு இல்லை. அந்தச் செடி கேட்கும் இரண்டு பொருள்களும் நம்மிடம் இல்லை. ஒன்று குளிர், மற்றொன்று புளிப்பு மண். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட உயர்புதர் ப்ளூபெர்ரி, குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கி, சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே 800 முதல் 1000 மணி நேரம் வரை கழித்த பிறகே ஒழுங்காகப் பூக்கும். தை மாதத்து விடியற்காலையிலும் நம் ஊரில் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. ஆகவே அந்தச் செடிக்குத் தேவையான குளிர் மணி நேரம் இங்கே ஆண்டு முழுவதையும் கூட்டினாலும் பூச்சியம்தான்.

மண்ணின் கணக்கு இதைவிடக் கடினம். ப்ளூபெர்ரிக்கு மண்ணின் பி.எச். அளவு, அதாவது எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல் என்று காட்டும் அளவு, 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த தாவரவியலாளர் ஃபிரடெரிக் கோவில் (Coville) என்பவர் 1910-இல் இதை ஆய்ந்து வெளியிடும் வரையில், காட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நல்ல வளமான தோட்ட மண்ணில் வைத்த ப்ளூபெர்ரிச் செடிகள் ஏன் தேறாமல் போகின்றன என்பது அங்கேயே யாருக்கும் விளங்கவில்லை. அந்த நல்ல மண்தான் அவற்றைக் கெடுத்தது. அதைப் படித்த எலிசபெத் வைட் என்ற பெண்மணி, நியூ ஜெர்சியின் வைட்ஸ்பாக் என்னும் இடத்தில் இருந்த தம் குடும்பப் பண்ணையின் புளிப்பு மணலை ஆராய்ச்சிக்குத் தர முன்வந்தார். காட்டுப் பழம் பொறுக்குகிறவர்களிடம் அளவுத் துளை போட்ட தகடு ஒன்றைக் கொடுத்து, அந்தத் துளைக்குள் விழாத அளவுக்குப் பெரிய பழம் காய்க்கும் புதர்களைக் கண்டுபிடித்துச் சொல்லும்படி கேட்டு, கண்டுபிடித்தவரின் பெயரையே அந்தப் புதருக்கு வைத்தார். ரூப் லீக் என்பவர் காட்டிய புதரிலிருந்து வந்த ரூபெல் என்ற இரகம் இன்றும் பயிரில் இருக்கிறது. 1916-இல் அவர்களின் முதல் விளைச்சல் விற்பனைக்கு வந்தது. உங்கள் தம்பி பிள்ளைகள் பறித்த பழத்தின் தோட்ட வரலாறு அவர்கள் இருக்கும் அதே மாநிலத்தில், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்புதான் தொடங்கியது.

நம் பக்கத்து மண்ணும் நீரும் பெரும்பாலும் 7-க்கு மேலே இருக்கும். எண்ணூர், மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்து பல கிணறுகள் உவர்த்துப் போனது உங்களுக்கும் தெரிந்திருக்கும். பி.எச். அளவில் ஒரு எண் கூடினால் அமிலத்தன்மை பத்தில் ஒன்றாகக் குறையும் என்பதால், 5-க்கும் 8-க்கும் உள்ள வேறுபாடு ஆயிரம் மடங்கு. இப்படிப்பட்ட நீரை ஊற்றினால் ப்ளூபெர்ரியால் இரும்புச் சத்தை எடுத்துக்கொள்ள முடியாது. இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுப்பகுதி வெளிறி மஞ்சளாகும். அதன் வேர்களோ மேல்மண்ணிலேயே பரவும் மெல்லிய நார் வேர்கள். அவற்றில் வேர்த்தூவிகள் கிடையா. ஒரு நாள் நீர் தவறினாலும் வாடும், தேங்கினாலும் அழுகும்.

இனி, ஐயத்துக்கு இடமுள்ள பகுதி. குறைந்த குளிரே போதும் என்னும் தென்பகுதி இரகங்களை ஃபுளோரிடாவில் உருவாக்கியிருக்கிறார்கள். பெரு நாட்டின் கடற்கரைப் பாலை நிலத்தில் குளிர்கால உறக்கமே இல்லாமல், இலை உதிரவிடாமல், அமிலம் கலந்த சொட்டுநீரில் பெருமளவு விளைவிக்கிறார்கள். இவற்றைக் காட்டித்தான் "வெப்ப இரகம், மாடியிலேயே காய்க்கும்" என்று கன்று விற்கிறவர்கள் சொல்கிறார்கள். பெருவின் கடற்கரையைக் குளிர்ந்த கடல்நீரோட்டம் தழுவிப் போவதால் அங்கே இரவு தணிந்துவிடும். நமக்கோ மே மாதத்தில் நள்ளிரவிலும் 28 டிகிரி. தொட்டியில் தென்னைநார்க் கழிவும் புளிப்பான இலைமக்கும் நிரப்பி, மழைநீரைச் சேமித்து ஊற்றி, நிழல்வலைக்கு அடியில் வைத்துக் கவனித்தால் செடி சில காலம் உயிரோடு இருக்கலாம். ஒரு பிடி பழம்கூடக் காட்டலாம். ஆனால் இரண்டு பிள்ளைகள் பறித்துத் தின்னும் அளவுக்குக் காய்க்கும் என்று யாராவது உறுதி சொன்னால் அதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. விதையிலிருந்து முளைத்த நாற்றை இரகத்தின் பெயர்கூடச் சொல்லாமல் விற்கிறார்கள் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். வினிகர் ஊற்றுவது, காப்பித்தூள் போடுவது போன்ற யோசனைகள் நீரில் காரத்தன்மை இருக்கும் வரையில் நிலைக்கா.

மலைக்குப் போனால் கிடைக்குமா என்றும் உங்கள் மனத்தில் ஓடும். நீலகிரி போன்ற உயரமான இடங்களிலும் வடக்கே இமயமலை மாநிலங்களிலும் சிலர் ப்ளூபெர்ரி பயிரிடத் தொடங்கியிருக்கிறார்கள்; ஆனால் அவை பெரும்பாலும் விற்பனைக்காக வைத்த சிறு தோட்டங்கள். எவரேனும் பார்வையாளரை அனுமதிக்கிறார்களா என்பதைப் புறப்படும் முன் தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொள்ளாமல், அதற்கென்றே ஊட்டிக்கு ரயில் ஏற வேண்டாம். இதில் பலருக்கும் தெரியாத ஒரு செய்தி உண்டு. ப்ளூபெர்ரியின் அதே பேரினத்தைச் சேர்ந்த ஒரு சிறுமரம் நீலகிரி, பழனி மலைகளின் சோலைக் காடுகளில் இயற்கையாகவே வளர்கிறது. அது காட்டு உயிர்களுக்கான உணவு; வனத்துறைக் காட்டுக்குள் நுழைந்து பறிப்பது குற்றமும்கூட. மலைப்பாதை ஓரத்தில் விற்கும் தவிட்டுப்பழம் கிடைத்தால் வாங்கிக் கொடுங்கள். கருநீலமும் உள்ளே மெல்லிய இனிப்பும் கொண்ட அந்தப் பழம் ப்ளூபெர்ரிக்கு உறவில்லை என்றாலும், பிள்ளைகள் விரும்புவார்கள்.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ப்ளூபெர்ரி ஏன் குடும்பத்தோடு பறிக்க இவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால், அதற்கு இணையாக இங்கே எதைத் தேடுவது என்பது தெளிவாகிவிடும். புதர் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது, முள் இல்லை, பால் வடிவதில்லை, பழுத்ததா இல்லையா என்பதை நிறமே காட்டிவிடுகிறது, கழுவி உரித்து நறுக்க வேண்டிய வேலை இல்லை, ஒரே கொத்தில் இன்று சில, நாலு நாள் கழித்துச் சில என்று பல வாரங்களுக்குப் பழுத்துக்கொண்டே இருப்பதால் கூட்டமாக வந்து பறித்தாலும் செடி வெறுமையாவதில்லை. நம் பக்கத்துப் பழங்கள் எல்லாவற்றையும் இந்த ஆறு தேவைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பெரும்பாலானவை ஏதாவது ஒன்றில் தவறுகின்றன. ஏறத்தாழ எல்லாவற்றிலும் தேறுவது மல்பெரி, அதாவது முசுக்கொட்டை.

பட்டுப்புழுவுக்குத் தழை போடும் அதே செடிதான். ஓசூர், தருமபுரிப் பக்கத்துப் பட்டுப்புழுத் தோட்டங்களுக்குப் போனால் பழம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். தழைக்காக அடிக்கடி வெட்டிக்கொண்டே இருப்பதால் பழம் முற்ற அங்கே நேரமே இருக்காது. ஆனால் பழத்துக்காக என்று வளர்த்தால் சென்னையின் வெயிலையும் சுமாரான நீரையும் மல்பெரி தாங்கிக்கொள்ளும். பென்சில் பருமனில் மூன்று நான்கு கணுக்கள் உள்ள முற்றிய குச்சியை வெட்டி ஈர மண்ணில் ஊன்றினாலே வேர் பிடித்துவிடும். ஒன்றரை அடி அகலமுள்ள தொட்டி போதும். நன்றாகத் தழைத்த செடியில் கிளைகளைக் கவாத்து செய்து, அதாவது வெட்டிக் குறைத்து, மிஞ்சிய இலைகளையும் உருவிவிட்டு, தொழுஉரம் வைத்து நீர் ஊற்றினால், புதிதாக வரும் ஒவ்வொரு தளிரின் அடியிலும் பச்சைப் புழுவைப் போன்ற சிறு காய்கள் தோன்றும். சுமார் இரண்டு மாதத்துக்குள் பழம் வந்துவிடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இதைத் திரும்பச் செய்யலாம் என்பதால், பள்ளி விடுமுறைக்கு ஏற்றபடி கவாத்து நாளைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். கோடை விடுமுறைக்குப் பழம் வேண்டுமானால் பங்குனித் தொடக்கத்தில் கவாத்து செய்யுங்கள்.

பறிக்கும் முறையைப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுங்கள். மல்பெரிக் காய் பச்சையிலிருந்து சிவந்து, பிறகு கறுக்கும். சிவப்பாக இருக்கும்போது பார்க்க அழகாக இருந்தாலும் நாக்கைச் சுருக்கும் புளிப்பு. பறித்து வைத்தால் இனிப்பு ஏறாது. முழுக்கக் கறுத்து, தோல் சற்றுப் பளபளத்து, விரல் நுனியால் அடியிலிருந்து தாங்கி மெல்லத் தொட்டவுடன் கையில் விழுந்தால் அதுதான் பழம். இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் ஒரு நாள் விட்டுவிட வேண்டும். அமுக்கிப் பிடித்தால் சாறு பீறிட்டு உள்ளங்கை முழுக்க ஊதாவாகும், சட்டையில் பட்டால் எளிதில் போகாது. எனவே பழைய உடுப்பைப் போட்டு அனுப்புங்கள். பழத்தோடு ஒட்டி வரும் சிறிய பச்சைக் காம்பு மென்மையாகத்தான் இருக்கும், தின்றாலும் கெடுதல் இல்லை. ஆழமான வாளியில் போட்டால் மேலே உள்ள பழத்தின் எடையே கீழே உள்ளதை நசுக்கிவிடும். அகலமான தாம்பாளத்தில் ஒரு அடுக்காகப் பரப்புவதே நல்லது. காலையில் பறித்தது மாலைக்குள் தீர்ந்துவிட வேண்டும், மறுநாள் பூஞ்சணம் பிடிக்கும். கடைகளில் இந்தப் பழத்தை அரிதாகவே பார்க்கிறோம் என்பதற்கு இதுவே காரணம். குயிலும் மைனாவும் உங்களுக்கு முன்னே எழுந்துவிடும் என்பதால் பழுக்கும் வாரங்களில் செடியின் மேல் வலை போட்டு வைக்கலாம். எனினும் ஒரு கிளையை அவற்றுக்கென்று விட்டுவைப்பதை நான் விரும்புவேன்.

தொட்டியில் இடம் மிஞ்சினால் பக்கத்திலேயே மணத்தக்காளி தூவிவிடுங்கள். முழங்கால் உயரச் செடி, முள் இல்லை, ஆறு வயதுக் குழந்தை உட்கார்ந்துகொண்டே பறிக்கலாம். கருநீலப் பழம் பார்வைக்குச் சிறிய ப்ளூபெர்ரியைப் போலவே இருக்கும். கருநீலமாகப் பழுக்கும் வகையில் முழுக்கக் கறுத்ததை மட்டும் தின்ன வேண்டும். பச்சைக் காயில் சொலனின் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது, பச்சையாகத் தின்றால் வயிற்றைப் புரட்டும். நாம் வற்றல் போடும் காயை உப்பும் மோரும் சேர்த்துக் காயவைத்து வறுத்தே குழம்பில் போடுகிறோம், அதுவும் கொஞ்சமாகத்தான் சேர்க்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கிவிடுங்கள்.

மாடியைவிட்டு வெளியே போக வேண்டும், ரயிலில் ஏறி ஊர் பார்க்க வேண்டும் என்றால், உங்கள் வீட்டிலிருந்து மிக எளிய வழி கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில். கொருக்குப்பேட்டையிலேயே ஏறிவிடலாம். எண்ணூரையும் அத்திப்பட்டையும் கடந்து மீஞ்சூர் வந்ததும் ஜன்னலுக்கு வெளியே வயல் தொடங்கும். பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று போகப் போகத் தோப்பும் பனையும் வரும். சாலை வழியாகப் போனால் செங்குன்றம் தாண்டிப் பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கம். இந்தப் பகுதியில் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது கொய்யாத் தோட்டம். அண்மைக்காலமாக அடர்நடவு முறையில் வைத்து, ஆள் உயரத்துக்கு மேல் போகவிடாமல் கவாத்து செய்யும் கொய்யாத் தோட்டங்கள் பெருகியிருக்கின்றன. தைவான் பிங்க் என்ற இரகம் இடுப்பு உயரத்திலேயே காய்த்துவிடும். பழ ஈ தாக்காமல் இருக்க ஒவ்வொரு காய்க்கும் நுரைவலையும் பிளாஸ்டிக் உறையும் போட்டிருப்பார்கள். உறையைத் தூக்கிப் பார்த்து, கரும்பச்சை வெளிறி இளமஞ்சள் கலந்த பச்சையாக மாறியிருந்தால் காம்பைத் திருகிப் பறிக்கலாம். உறையைத் தூக்கிப் பார்ப்பதே பிள்ளைகளுக்குப் பெரிய ஆர்வமாக இருக்கும்.

மாந்தோப்பைப் பற்றி நீங்கள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பலரும் முதலில் அதைத்தான் நினைக்கிறார்கள். தோப்பின் உரிமையாளர் உங்களுக்குத் தெரிந்தவராகவே இருந்தாலும், பூ எடுக்கும் பருவத்திலேயே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டார் என்றால் அந்த ஆண்டுக் காய் அவருடையதில்லை. குத்தகைக்காரரிடம்தான் கேட்க வேண்டும், பறித்ததை எடைபோட்டு அவரிடம்தான் பணம் கொடுக்க வேண்டும். தொரட்டிக்கோலின் முனையில் வலை கட்டிப் பெரியவர்கள் இறக்கலாம். பிள்ளைகள் கூடையில் அடுக்கலாம். காம்பை ஒட்ட ஒடித்தவுடன் பீறும் பால் முகத்தில் பட்டால் தோல் வெந்து புண்ணாகும், எனவே காம்பை விரல் நீளம் விட்டே பறிக்க வேண்டும், கண்ணை அண்ணாந்து பார்த்தபடி அடியில் யாரும் நிற்கக் கூடாது. மேலும் நம் பக்கத்து மாங்காயை முற்றிய பதத்தில் இறக்கி வைக்கோலில் பழுக்க வைப்பதே வழக்கம். பறித்த இடத்தில் தின்னும் மகிழ்ச்சி இதில் குறைவு.

நாவல் மரம் ஆனி, ஆடியில் பழுக்கும். ஏறக் கூடாது, ஏற்றவும் கூடாது. அடியில் பழைய வேட்டியோ படுதாவோ விரித்துப் பிடித்துக்கொண்டு, பெரியவர் ஒருவர் கிளையைக் குலுக்க, விழுவதைப் பொறுக்குவதுதான் முறை. களாக்காய்க்கு முள்ளும் பாலும் உண்டு. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை அந்தப் புதருக்கு அருகில் விட வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் இலந்தையும், மாசி முதல் கொடுக்காப்புளியும் கிடைக்கும்; இரண்டும் முள் மரங்கள்தான் என்றாலும், கீழே உதிர்ந்ததைப் பொறுக்கலாம். கோடையில் நுங்கு வெட்டும் இடத்துக்கு அழைத்துப் போவது நல்லது, ஆனால் அதைப் பறிப்பது பழகிய மரமேறியின் வேலை. நீங்கள் பார்க்கலாம், தின்னலாம்.

தோட்டக்காரரிடம் எப்படிப் பேசுவது என்று தயங்குகிறவர்கள் உண்டு. நம் பக்கம் பறிக்கவென்று ஆள் வருவது இன்னும் வழக்கமாகவில்லை. எனவே போய் நின்றுகொண்டு கேட்பதைவிட, சாலையோரத்தில் அவர்களே விற்கும் இடத்தில் ஒருமுறை பழம் வாங்கி, அறிமுகம் செய்துகொண்டு, அடுத்த வாரம் பிள்ளைகளோடு வரலாமா என்று கேட்பது நல்லது. சந்தை விலைக்குச் சற்றுக் கூடுதலாகவே கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் தவறிப் பறிக்கும் காயும் உடைக்கும் கிளையும் அவருக்கு இழப்பு. மருந்து அடிப்பீர்களா என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். கடைசியாக எந்த நாள் அடித்தீர்கள், என்ன அடித்தீர்கள் என்று கேட்டால் சரியான பதில் கிடைக்கும். ஒவ்வொரு மருந்தின் உறையிலும் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று அச்சிட்டிருப்பதால் அதைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கெடு முடியாத தோட்டத்தில் பறிக்க வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பறிக்கும் ஆசை வந்த பிள்ளைகள் வழியில் தென்படும் எல்லாவற்றையும் வாயில் போடுவார்கள். காட்டாமணக்கு விதை தின்று வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் உண்டு. சாலையோரத்தில் மஞ்சள் பூப் பூக்கும் பொன்னரளியின் கொட்டை இதயத்தையே நிறுத்தக்கூடியது. வேலியில் படரும் குன்றிமணியை மென்று விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. உண்ணிச்செடியின் கறுத்த பழத்தைக் கிராமத்தில் தின்பார்கள், ஆனால் பச்சைக் காய் நஞ்சு. இரண்டும் ஒரே கொத்தில் இருப்பதால் அதைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வௌவாலோ அணிலோ கடித்துக் கீழே போட்ட பழத்தையும் எடுக்கக் கூடாது. பெயர் தெரியாததை யாராவது தின்றுவிட்டால் அந்தக் கிளையையோ காயையோ கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள்; நான் மருத்துவன் இல்லை, எனவே வீட்டு வைத்தியம் எதையும் இதற்குச் சொல்ல மாட்டேன்.

கடைசியாக, அடுத்த ஆண்டுப் பயணம். நியூ ஜெர்சியில் ஜூன் நடுவிலிருந்து ஜூலை முடியும் வரை ப்ளூபெர்ரிப் பருவம். ஜூலையின் முதல் பாதியில் போய்ச் சேர்ந்தால் நல்லது. ஹேமண்டன் என்ற ஊரைச் சுற்றித் தோட்டங்கள் நிறைந்திருக்கும். என் மகள் குடும்பத்தோடு அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நானும் பறித்திருக்கிறேன். வாயிலில் வாளி கொடுத்து, எந்த வரிசையில் பறிக்கலாம் என்று சொல்லி அனுப்புவார்கள்; திரும்பும்போது எடைக்குப் பணம். வாளியை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு கையால் கிளையைத் தாழ்த்தி, மறு கையின் கட்டைவிரலால் கொத்தை மெல்ல உருட்டினால், பழுத்தது மட்டும் தானாக உதிர்ந்து வாளியில் விழும். பழுக்காதது காம்பை விடாது. நீலம் வந்துவிட்டது என்று உடனே பறிப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. பழத்தைத் திருப்பிக் காம்பு ஒட்டும் பக்கத்தைப் பாருங்கள். அங்கே சிவப்பு வளையம் இருந்தால் இன்னும் புளிப்பு. முழு நீலமான பின் சில நாள் செடியிலேயே இருந்த பழம்தான் இனிக்கும், பறித்த பிறகு நிறம் மாறலாமே தவிர இனிப்பு கூடாது. மேலே திருநீறு பூசியதுபோல் இருக்கும் வெண்படலம் பழத்தின் இயற்கையான மெழுகு. அது அழியாமல் இருந்தால் பழம் விரைவில் கெடாது. ஆகவே வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் கழுவாமல் குளிர்பெட்டியில் வைத்து, தின்னும்போது மட்டும் கழுவ வேண்டும்.

வெயில் ஏறும் முன், காலையிலேயே போய்விடுங்கள். முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் அணிவியுங்கள். அந்தப் பகுதியின் புல்வெளிகளில் உண்ணிகள் உண்டு, அவற்றின் கடியால் லைம் என்ற நோய் பரவுகிறது. வீடு திரும்பியதும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்களைப் பார்த்துவிட்டுக் குளிக்க வையுங்கள். பறிக்கும்போதே தின்னலாமா என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், வாயிலில் கேட்டுக்கொள்ளலாம். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று பழத்தையோ விதையையோ செடியையோ பெட்டியில் வைத்து இங்கே கொண்டுவர வேண்டாம். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்கீழ் இத்தகைய பொருள்களைக் கொண்டுவரக் கட்டுப்பாடு உண்டு; விதைக்கும் செடிக்கும் முன் அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும், இல்லையென்றால் விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்துவிடலாம். தோட்டத்துக் கடையில் விற்கும் ஜாம் புட்டி ஒன்றைச் சரக்குப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் அந்தச் சிக்கல் இல்லை.